சந்தி பூஜைக்கு 108 தாமரை வேண்டும், உதவுங்கள்

கோவை நண்பர்களுக்கு வணக்கம். செல்வபுரம் பக்கம் நகைப் பட்டறைகளில் வங்காளிகள் நிறைய பேர் வேலை செய்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய சங்கம் எங்கள் தெருவில்தான் துர்கா பூஜை நடத்துகிறது. அவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் நான் கேட்கிறேன்.

அதில் அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்ததுதான் சந்தி பூஜை. 108 விளக்கு, 108 தாமரை வைக்க வேண்டும். விளக்கு தயார். தாமரைதான் சிக்கல். நமக்கும் அது ஆயுத பூஜை சமயம், பூ மார்க்கெட்டில் விலை ஏறிவிடும். போன வருடம் 60 பூதான் கிடைத்தது. மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டுக்கொண்டிருந்த பட்டறைத் தம்பி, “ஊர்ல எங்க குளத்துலயே பூக்கும் அக்கா” என்றான். எனக்கு மனசே ஆறவில்லை.

குளத்தில் தாமரை பறிப்பவர்கள், மொத்த வியாபாரிகள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். விரியாத மொட்டாக, சந்தி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் கைக்கு வந்தால் போதும். பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் இன்னொன்று. பூஜைக்கு டாக் என்கிற மேளம் வாசிக்க வங்காளத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். இறகு கட்டிய அந்தப் பெரிய மேளத்தையும் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவார்கள். ஐந்து இரவு தங்க, பக்கத்தில் ஒரு அறை கிடைக்குமா? மொட்டைமாடி அறை என்றாலும் சரி. பாய், தலையணை நான் கொடுத்துவிடுகிறேன்.