கன்ஸ்லிங்கர் கேர்ள் அனிமே தொடரைப் பார்த்தவர்களே, இன்னும் மனசை விடாத காட்சி எது?

கரிசல்காடு:
எனக்கு ரீக்கோவும் அந்த ஓட்டல் பையனும்தான். 2003இல் மேட்ஹவுஸ் எடுத்த முதல் சீசன், மூன்றாம் எபிசோட். கதை உங்களுக்குத் தெரியும்: இத்தாலியில் ஓர் அரசு ஏஜென்சி, கைவிடப்பட்ட சிறுமிகளுக்குச் செயற்கை உடம்பு கொடுத்து, 'கண்டிஷனிங்' என்ற மூளைச்சலவை மருந்து ஏற்றிக் கொலையாளிகளாக்குகிறது, ஒவ்வொருத்திக்கும் ஒரு பொறுப்பாளர். ரீக்கோ அவர்களில் ஒருத்தி, அவள் பொறுப்பாளர் ஜான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்த வேலையை முடித்துவிட்டு வருகிறாள், எதிரே அந்தப் பையன் எமிலியோ. அவளோடு பிரியமாகப் பேசிய ஒரே வெளியாள். பார்த்தவன் எவனையும் விடாதே என்பது ஜானின் உத்தரவு. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் யோசிக்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், சுடுகிறாள். முகத்தில் வெறுப்பும் இல்லை, தயக்கமும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழுந்தும் எனக்கு வாய் எழவில்லை. ஜானை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. அதே ஏஜென்சியில் அவர் தம்பி ஜோசே தன் பொறுப்பில் இருக்கும் ஹென்ரியட்டாவை எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொள்கிறார்!

நெய்தல்:
அதே ரீக்கோதான், ஆனால் வேறு இடம். காலையில் கண் விழித்ததும் தன் கை கால்கள் இருக்கின்றனவா, அசைகின்றனவா என்று பார்த்துச் சந்தோஷப்படுவாளே, அது. நான் பிசியோதெரபிஸ்ட். பிறந்ததிலிருந்து கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளோடுதான் என் நாள் போகிறது. விரல் மடங்கிய அன்று அந்த முகங்களில் வரும் வெளிச்சத்தை அப்படியே வரைந்திருக்கிறார்கள். பெற்றவர்களே கையெழுத்துப் போட்டு அரசாங்கத்திடம் கொடுத்துவிட்ட பிள்ளை, தனக்கு நல்லது நடந்ததாக நம்புகிறாள். அவள் நம்புவது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மாடிவீடு:
கரிசல்காடு சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஜான் ரீக்கோவை ஆயுதமாகப் பார்க்கிறார், அதை மறைக்கவும் இல்லை. ஜோசே என்ன செய்கிறார்? கேமரா வாங்கித் தருகிறார், நட்சத்திரம் காட்டுகிறார், அப்புறம் அதே குழந்தையின் வயலின் பெட்டிக்குள் பி90 துப்பாக்கியை வைத்து அனுப்புகிறார். அந்தப் பாசத்துக்கு அவள் கொடுப்பது உயிர். கண்டிஷனிங் மருந்து ஒவ்வொரு முறையும் ஆயுளையும் நினைவையும் அரிக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

என் காட்சியும் இதோடு சேர்ந்ததே. எல்சா என்ற இன்னொரு சிறுமியின் விவகாரம். பொறுப்பாளர் லௌரோ அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கோ அவரைத் தவிர உலகமில்லை. அவரைச் சுட்டுவிட்டுத் தன் கண்ணில் சுட்டுக்கொண்டாள், செயற்கை உடம்பில் குண்டு ஏறக்கூடிய இடம் அது என்பதால். சிசிலியில் விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் ஹென்ரியட்டா தன் கண்ணுக்கு நேரே துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுகிறாளே, நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்று! புறக்கணிக்கப்பட்ட எல்சாவும் அன்பு கிடைத்த ஹென்ரியட்டாவும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அப்புறம் ஜோசே நல்லவர் என்று எப்படிச் சொல்வது?

வடம்போக்கி:
க்ளேயஸ், அவளும் அந்தச் சிறுமிகளில் ஒருத்தி. அவள் பொறுப்பாளர் ரபாலோ செத்த பிறகு அவரைப் பற்றிய நினைவை அழித்துவிட்டார்கள், ஆனால் பவர் இல்லாத அந்தக் கண்ணாடியை அவள் கழற்றவில்லை. கண்ணாடி போட்டிருக்கும்போது சாதுவாக இருப்பேன் என்று யாரிடமோ வாக்குக் கொடுத்தது மட்டும் உள்ளே எங்கோ இருக்கிறது. எனக்கு இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தயவுசெய்து ஒரே மூச்சில் 13 எபிசோடையும் பார்க்காதீர்கள். இரவில் ஒன்று போதும், இடையில் ஒரு நாள் விடுங்கள். சண்டைக் காட்சி எங்கே என்று தேடி ஓட்டாதீர்கள், டீ குடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் அரட்டை அடிக்கும் அறையில்தான் பாதிக் கதை இருக்கிறது. தொடக்கப் பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள், ஸ்காட்லாந்தின் தி டெல்காடோஸ் பாடியது, தொடரின் மனநிலை முழுதும் அதில் இருக்கிறது. 2008இல் வந்த இரண்டாவது சீசனை ஆர்ட்லேண்ட் எடுத்தது, வரைகலையும் குரல்களும் மாறிவிட்டன. முதல் சீசன் முடித்த சூட்டில் அதைத் தொட்டால் வெறுத்துவிடுவீர்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், எதிரணிக் கொலையாளி பினோக்கியோவுக்காகவாவது பார்க்க வேண்டும். அதற்கப்புறம் தொடருக்கு மூலமான யூ ஐதாவின் மங்காவை (படக்கதை) முதல் தொகுதியிலிருந்து எடுங்கள், மொத்தம் 15, 2012இல்தான் முடிந்தது. இன்னொரு சிறுமி ட்ரியேலாவின் முழுக் கதை அங்கேதான்.

கரிசல்காடு:
வடம்போக்கி, அந்தப் பட்டியலை நான் கேட்கவில்லை, இருந்தாலும் மங்காவைக் குறித்துக்கொண்டேன்.

மாடிவீடு, ஜோசே குற்றமற்றவர் என்று நான் எங்கே சொன்னேன்? அவள் தூக்கிக் காட்டிய துப்பாக்கியை நானும் பார்த்தேன். ஆனால் ரீக்கோவிடம் யாராவது பரிவாகப் பேசியிருந்தால், எமிலியோவைச் சுடுவதற்கு முன் ஒரு நொடியாவது அவள் கை நின்றிருக்கும்.

மாடிவீடு:
நிற்காது. ஹென்ரியட்டாவுக்கு அத்தனை பரிவும் கிடைத்தது. ஜோசே சொன்னால் அவளும் சுடுவாள், அதுவும் ரீக்கோவை விட ஆசையோடு.