சினிமா, பெண், சமூக ஊடகம்: ஆராய்ச்சிக்குப் போக எங்கே தொடங்குவது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்து முடித்துவிட்டேன். சினிமாவிலும் சமூக ஊடகங்களிலும் பால்நிலையும் பாலியலும் எப்படி வருகின்றன என்று ஆராய ஆசை. வீட்டில், "படம் பார்க்கிறதுக்கும் ஒரு பட்டமா? ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பி" என்கிறார்கள். போரில் கணவரை இழந்த பெரியம்மாவை எத்தனையோ பேர் வந்து வீடியோ எடுத்தார்கள். எடுத்ததை ஒருவரும் அவருக்குக் காட்டவில்லை. எனக்குக் கேள்வி பிறந்தது அதில்தான். என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:
நியமனம் கிடைத்தால் எடுங்கள் தங்கச்சி. வேலையோடு முதுகலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளிநொச்சி அக்கா:
தங்கச்சி, நான் இந்தத் துறையில் வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்துப் படிப்பிக்கிறேன். உங்கள் கேள்வியே நல்ல ஆய்வு, கைவிடாதீர்கள்.

ஹொலிவூட் படங்களில் கமரா ஆணின் கண்ணாக நின்று பெண்ணைப் பார்க்கிறது என்று பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் எழுதினார். வன்னியில் அந்தக் கண் பலமுறை கைமாறியிருக்கிறது. போர்க்காலத்தில் புலிகளின் படப்பிரிவான நிதர்சனம் சீருடைப் பெண்களைப் படம்பிடித்தது. 2009க்குப் பிறகு வந்த கமராக்கள் அழுகிற பெண்களைத் தேடின. இப்போது பிள்ளைகள் தாங்களே கைபேசியைப் பிடித்து டிக்டொக்கில் ஆடுகிறார்கள். கீழே விழுகிற வசைகளை வாசித்தாலே ஊர் எதைப் பொறுக்காது என்று விளங்கும். இவற்றைச் சேர்த்துப் படிக்க அந்த மண்ணில் வளர்ந்த ஆள்தான் வேண்டும்.

பணம் பற்றி: பிரித்தானியாவில் ஒரு வருட முதுகலைக்கு அந்நாட்டு அரசின் செவனிங் புலமைப்பரிசில் உண்டு, அதற்கு வேலை அனுபவம் கேட்பார்கள். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்டத் தேவையில்லை. வகுப்பெடுத்து உதவித்தொகை பெறலாம், ஆனால் ஐந்தாறு வருடம் போகும். ஊரில் நிரந்தர விரிவுரையாளர் இடங்கள் குறைவு. இதை வீட்டாருக்கும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பால் உறவை இன்னும் குற்றமாகத்தான் வைத்திருக்கின்றன. உங்களை நம்பிக் கதைக்கிறவரின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எங்கள் ஊர்களில் எந்த ஒழுங்கை, எத்தனை பிள்ளை என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சமூக ஊடகப் பதிவுகளைத் திரையில் படமெடுத்து ஆய்வில் ஒட்டவும் வேண்டாம். ஒருவர் பாதுகாப்பைக் கெடுக்கிற ஆய்வு எனக்கு ஆய்வே இல்லை.

ஒட்டுசுட்டான் பிள்ளை:
நன்றி அக்கா. ஆங்கிலம்தான் பயமாக இருக்கிறது.

கிளிநொச்சி அக்கா:
ஆய்வு முன்மொழிவை முதலில் தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதுங்கள். யாரைப் பற்றி, எந்தப் படங்கள், ஏன் இப்போது: இவை தெளிவானால் ஆங்கிலமாக்க நானும் உதவுவேன். எழுதியதும் இங்கே சொல்லுங்கள்.