கோமாளியின் இறுதிச் சடங்கில் மேரி சிரித்தது: சக்கிள்ஸ் அத்தியாயம் இத்தனை புகழுக்கு உரியதா?

மூன்றாம்வரிசை:
'தி மேரி டைலர் மூர் ஷோ' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1975 அக்டோபர் 25 அன்று சி.பி.எஸ். அலைவரிசை ஒளிபரப்பிய 'சக்கிள்ஸ் பைட்ஸ் தி டஸ்ட்' என்ற அத்தியாயத்தை, 1997இல் டிவி கைட் இதழ் தொலைக்காட்சியின் தலைசிறந்த 100 அத்தியாயங்களில் முதலாவதாக வைத்தது. எனக்கு அதன் மேல் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மினியாபொலிஸில் டபிள்யூ.ஜே.எம். என்ற சிறிய தொலைக்காட்சி நிலையம். சர்க்கஸ் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கச் செய்தி வாசிப்பவரான டெட்டை அழைக்கிறார்கள். அவருடைய மேலதிகாரி லூ போகக் கூடாது என்று தடுத்துவிட, குழந்தைகள் நிகழ்ச்சியின் கோமாளியான சக்கிள்ஸ் நிலக்கடலை வேடத்தில் போகிறார். மதம் பிடித்த யானை ஒன்று அவரைக் கடலையென்று எண்ணி உரிக்கப் பார்த்ததில் உயிர் போய்விடுகிறது. அலுவலகமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, அங்கே வேலை பார்க்கும் கதாநாயகி மேரி ஒருத்திதான் கண்டிக்கிறாள். இறுதிச் சடங்கிலோ மற்றவர்கள் அடக்கமாக அமர்ந்திருக்க, அவளுக்குத்தான் சிரிப்பு பீறிடுகிறது.

சாவுக்கு மரியாதை கொடுத்தவளைத் தலைகுனிய வைத்துவிட்டு, முதல் ஆளாகக் கேலி பேசிய, செய்தி எழுதும் சக ஊழியரான மர்ரேயை யோக்கியனாக உட்கார வைக்கும் கதை இது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளரின் முதுகையும் தட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடரின் பெரும்பாலான அத்தியாயங்களை இயக்கிய ஜே சாண்ட்ரிச்சே மரணத்தை இப்படிக் கையாள்வதில் உடன்பாடில்லாமல் ஒதுங்கிக்கொண்டார் என்பதையும், அதனால்தான் ஜோன் டார்லிங் இயக்க வந்தார் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

கடலைமிட்டாய்:
என் புனைபெயரைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், நண்பரே. இந்த அத்தியாயத்தைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துக்கொண்ட பெயர்தான்.

மேரி தண்டிக்கப்படுகிறாள் என்பது சரி, ஆனால் எதற்காக என்பதில் நீங்கள் தடம் மாறுகிறீர்கள். மர்ரேயும் லூவும் சடங்கில் அமைதியாக இருப்பது ஒழுக்கத்தால் அன்று. அவர்கள் தங்கள் அதிர்ச்சியை அலுவலகத்திலேயே சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். அதிர்ச்சியை மறைக்கவே சிரிக்கிறோம் என்று லூ மேரியிடம் சொல்லவும் செய்கிறார். அவள் ஒருத்திதான் அத்தனையையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறாள்.

அந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். போதகர் சக்கிள்ஸின் கதாபாத்திரங்களை ஒவ்வொன்றாக, வேதத்திலிருந்து எடுத்துரைப்பவர் போன்ற குரலில் நினைவுகூர்கிறார். மிஸ்டர் ஃபீ-ஃபை-ஃபோ எதிரியிடம் ராட்சத வெள்ளரிக்காயால் அடிபட்டு விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, தன் ஃபூ-ஃபூவில் (பொருளற்ற ஒரு வேடிக்கைச் சொல்) அடிபட்டுவிட்டது என்பானாம். முதல் சிரிப்பை மேரி இருமலாக மாற்றப் பார்க்கிறாள். அடுத்ததற்குத் தலையைக் குனிந்துகொள்கிறாள். நாம் அனைவருமே அவ்வப்போது விழுந்து ஃபூ-ஃபூவில் அடிபட்டுக்கொள்கிறவர்கள்தாம் என்று போதகர் உருக்கமாகச் சொல்லும்போது அவளிடம் மறைப்பதற்கு எந்த வழியும் மிச்சமில்லை. தும்மலை அடக்கியவர்களுக்குத் தெரியும், அடக்க அடக்க அது எப்படி வளரும் என்று. இதை எழுதிய டேவிட் லாயிடுக்கு எம்மி விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

மூன்றாம்வரிசை:
நீங்கள் சொல்லும் நுணுக்கத்தை நான் மறுக்கவில்லை. மேரியாக வரும் மேரி டைலர் மூரின் நடிப்பு அபாரம். ஆனால் ஃபூ-ஃபூ என்ற சொல்லை இரங்கல் உரையில் வைத்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரிப்பு மேரியின் மனத்திலிருந்து வரவில்லை, எழுத்தாளர் போதகரின் வாயில் திணித்த சொற்களிலிருந்து வருகிறது. மேலும் சக்கிள்ஸ் தொடரில் அத்தி பூத்தாற்போல எப்போதோ தலைகாட்டியவர். நாம் நேசித்த ஒரு பாத்திரத்தின் சாவை வைத்து இதைச் செய்திருந்தால் துணிச்சல் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

மண்பானை:
நான் இந்தத் தொடரை மிகத் தாமதமாகப் பார்த்தவள். விவாதத்தில் ஒருவரும் அழுகையைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் என் தாத்தாதான் எல்லா அளவுக்கும் அத்தாரிட்டி. வரப்புத் தகராறானாலும் பந்தல் கால் ஊன்றுவதானாலும் அவரைக் கேட்காமல் நடக்காது. அவர் இறந்த அன்று பாடை கட்டிக்கொண்டிருந்தவர், பழக்க தோஷத்தில், "நீளம் போதுமான்னு பெரியவர ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். கூடியிருந்த ஆண்கள் சிரித்தார்கள், ஓய்ந்தார்கள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அத்தை வந்து கட்டிக்கொண்டு, "அழுடி, நல்லா அழு" என்றாள். சிரிப்பு அந்த நொடியே நின்றுபோய், அதுவரை வராத அழுகை வந்தது.

போதகர் மேரியை எழுப்பி நிறுத்தி, சக்கிள்ஸுக்குக் கண்ணீர் பிடிக்காது, வாய்விட்டுச் சிரி அம்மா என்கிறார். அவள் உடைந்து அழுகிறாள். மறைத்துவைத்ததை ஒருவர் பார்த்துவிட்டார், அதற்காகக் கோபிக்கவும் இல்லை என்று தெரிந்தவுடன் அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்துவிடுகிறது. இதில் தண்டனை எங்கே இருக்கிறது, ஐயா? தாத்தாவை நான் நேசித்தேன், மேரிக்கு சக்கிள்ஸ் அவ்வளவு நெருக்கமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதிகம் பழகாதவரின் சாவுக்கு எவ்வளவு துக்கப்பட வேண்டும் என்று தெரியாமல் விழிக்கிறோமே, அந்தத் தடுமாற்றம் இதில் இருப்பதால் சக்கிள்ஸ் தூரத்து ஆளாக இருப்பதே பொருத்தம் என்பேன்.

கடலைமிட்டாய்:
அம்மா சொன்னதற்கு மேல் ஒன்று: டெட் நேரலையில் வாசிக்கும் இரங்கல் செய்தியை யாரும் தொடவில்லை. கையில் குறிப்பேதும் இல்லாமல், வயதை ஊகிக்கப் பார்த்து, பெரிய உதடும் மூக்கில் மின்விளக்கும் வைத்திருப்பவருக்கு எத்தனை வயது என்று எப்படிச் சொல்வது என்று திணறுகிறார். கூட வேலை பார்த்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதுதான் அந்தச் சிரிப்பின் அடியில் கிடக்கிறது.

மூன்றாம்வரிசை:
அழுகையைப் பற்றி மண்பானை அம்மா எழுதியதை ஏற்கிறேன்; தண்டனை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலிடத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். மேரி இருமத் தொடங்கியதும் மர்ரேயும் லூவும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மர்ரேயின் முகத்தில் ஒரு துளி குற்ற உணர்வாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

மண்பானை:
பாடை கட்டியவரும் அன்று என்னை அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தார், ஐயா. தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.