அரைவை வேகத்துக்குக் களம் ஈடுகொடுக்கவில்லை: ஜவ்வரிசி ஆலையில் கட்டுப்பாட்டை எங்கே வைப்பது?

ஆத்தூர் மேற்பார்வையாளர்:
வணக்கம். ஆத்தூர் அருகே ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் உற்பத்தியைக் கவனித்து வருகிறேன். எங்கள் அரைவை இயந்திரம் நாளொன்றுக்கு 20 டன் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் என்பதால், வருகிற லோடு அனைத்தையும் இறக்கி அரைத்துவிடுகிறோம். வெயில் இருந்தால் 15 டன்னுக்கான சரக்கு களத்தில் காய்ந்து வெளியேறும். வானம் மூடாக்கு போட்ட நாளில் 8 டன்னைத் தாண்டாது. ஈர மாவு தொட்டியிலேயே கிடந்து புளித்து, வெண்மை கெடுகிறது. சென்ற வாரம் ஒரு தொட்டி முழுவதும் பழுப்பேறியதைப் பார்த்து மனம் தாளவில்லை. கிழங்கையும் தேக்கிவைக்க வழியில்லை. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கருத்துவிடும்.

முன்னாள் ஆலை மேலாளர், சேலம்:
உங்கள் ஆலையின் கொள்ளளவு 20 டன் அன்று, களம் அன்றைக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். அரைவை ஓடாமல் நின்றால் நட்டம் என்று முதலாளிகள் பதறுவது இயல்பு. ஆனால் காய்வதற்கு இடமில்லாத மாவை அரைத்துச் சேர்ப்பதே பெரிய நட்டம். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்கும்போதும் வணிகர்கள் வெண்மையைப் பார்த்தே விலை கேட்கிறார்கள். ஆகவே, மாலையில் களத்தில் எத்தனை பாத்தி காலியாகும் என்று எண்ணிப் பார்த்து, மறுநாளைக்கு எத்தனை லோடு வேண்டும் என்பதைத் தரகரிடம் அன்றிரவே சொல்லிவிடுங்கள். கிழங்கு நிலத்தில் இருக்கும்வரை கெடாது; பிடுங்கும் நாளைத் தள்ளிப்போட விவசாயிக்கும் முன்னறிவிப்பு வேண்டும் அல்லவா?

உற்பத்திப் பொறியியல் ஆசிரியர்:
ஐயா கூறியதற்குக் கணக்கும் உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, உள்ளே தேங்கிய சரக்கை நாள்தோறும் வெளியேறும் அளவால் வகுத்தால் சராசரியாகத் தங்கும் காலம் கிடைக்கும். 45 டன்னுக்கான சரக்கு உள்ளே இருந்து, 15 டன் வெளியேறினால் 3 நாள். 8 டன் வெளியேறினால் ஐந்தரை நாளுக்கும் மேல். தேக்கத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் அட்டை முறையும் இதைத்தான் செய்கிறது: தொட்டிக்கு ஓர் அட்டை, மாவு களத்துக்குப் போன பிறகே அட்டை அரைவைக்குத் திரும்பும், அட்டை இல்லாமல் அரைவை இல்லை. அட்டையில் நிரப்பிய நேரத்தை எழுதினால், முதலில் நிரம்பிய தொட்டியே முதலில் காலியாகும்.

ஆத்தூர் மேற்பார்வையாளர்:
எங்களிடம் ஆறு தொட்டிகள் உள்ளன. நாளை நான்கு அட்டைகளோடு தொடங்குகிறேன். தரகரிடம் இப்போதே பேசிவிடுகிறேன்.