ஓபெத்தும் உறுமல் இல்லாத பதினாறு ஆண்டுகளும்

2011 செப்டம்பரில் ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத்தின் 'ஹெரிடேஜ்' ஆல்பம் வெளிவந்தபோது, அந்தக் குழுவின் பெயரையே எனக்கு முதன்முதலில் சொன்ன அண்ணனோடு நான் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் உடன்பிறந்தவர் அல்லர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நன்றாகக் கிட்டார் வாசிப்பவர், மெட்டல் இசையில் எனக்கிருக்கும் பழக்கம் முழுவதும் அவர் கொடுத்தது. அப்படிப்பட்டவர் அந்த ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, "இது ஓபெத் இல்லை, அந்தப் பெயரில் வேறு யாரோ வாசிக்கிறார்கள்" என்று சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கு அந்த ஆல்பம் முதல் நாளிலேயே பிடித்துப்போயிருந்தது.

அவர் எனக்குக் கேட்கக் கொடுத்த முதல் ஆல்பம் 2005இல் வந்த 'கோஸ்ட் ரெவரீஸ்'. அதன் முதல் பாடலான 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' ஒருசில விநாடிகள் மெல்லிய கிட்டார் சுரங்களாக மட்டும் ஒலிக்கும். சத்தம் போதவில்லையே என்று ஒலியளவைக் கூட்டுவதற்கு நான் கை நீட்டினேன். அவர் சிரித்தபடி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த கணம் ட்ரம்ஸும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கிட்டார்களும், குழுவின் பாடகர் மிகேல் ஓகெர்ஃபெல்ட்டின் உறுமலும் ஒன்றாக இறங்கியபோது, நாற்காலியில் என் உடம்பு பின்னுக்குப் போனது இன்றும் நினைவிருக்கிறது. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பாடலில், அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உறுமலும் அதற்குச் சற்றும் தொடர்பில்லாதது போன்ற தெளிவான, ஏறக்குறைய தாலாட்டுக் குரலும் ஒரே மனிதருடையவை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு தன் கிட்டாரை எடுத்து, அந்தப் பாடலுக்கென்று ஆறு கம்பிகளையும் டி, ஏ, டி, எஃப், ஏ, ஈ என்று சுருதி மாற்றி, இடக்கையால் எதையும் அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒருமுறை மீட்டினார். விரலே படாமல் ஒரு சோகம் அறையில் நின்றது. அந்த மாலையில்தான் நான் இந்தக் குழுவின் ரசிகனானேன்.

ஆகவே 2011இல் எங்களுக்குள் நடந்தது வெறும் ரசனைச் சண்டையாக எனக்குப் படவில்லை. ஸ்டாக்ஹோமில் 1990இல், உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டல் குழுவாகத் தொடங்கிய ஓபெத், 2008இன் 'வாட்டர்ஷெட்' வரை எல்லா ஆல்பங்களிலும் உறுமலை வைத்திருந்தது; ஒன்றே ஒன்று மட்டும் விலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். 'ஹெரிடேஜ்' ஆல்பத்தில் உறுமல் அடியோடு இல்லை. கிட்டார்களில் டிஸ்டார்ஷன் குறைந்து, எழுபதுகளின் ப்ராக்ரெசிவ் ராக் ஆல்பங்களில் கேட்பது போன்ற மெல்லட்ரான் என்ற பழைய விசைப்பலகைக் கருவியும் ஆர்கனும் முன்னே வந்திருந்தன. தனிப் பியானோவில் தொடங்கும் ஆல்பம் அது. 'வாட்டர்ஷெட்' பாணியில் எழுதத் தொடங்கிய சில பாடல்களை ஓகெர்ஃபெல்ட் தூக்கிப்போட்டார் என்பதும், அதே வழியில் போயிருந்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று பேஸ் கிட்டார் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் அவரிடம் சொன்னார் என்பதும் அப்போதே வெளியில் தெரிந்த செய்திகள்தாம். இதை அண்ணனிடம் சொன்னேன். குழுவுக்கே அலுத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு அவர் மௌனமாகிவிட்டார். என் வாதத்தைவிட அந்தச் செய்திதான் அவரை அதிகம் காயப்படுத்தியது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான் அன்று வைத்த வாதம் இதுதான். மென்மை இந்தக் குழுவுக்குப் புதிதன்று. 1996இன் 'மார்னிங்ரைஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'டு பிட் யூ ஃபேர்வெல்' முழுக்க முழுக்கத் தெளிவான குரலில் பாடப்பட்டது. 1999இன் 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்தில் 'பெனைட்டட்' பாடலை அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஏறக்குறைய கிசுகிசுப்பாகப் பாடியவரும் ஓகெர்ஃபெல்ட்தான். 2001இன் 'பிளாக்வாட்டர் பார்க்' தொடங்கி பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் தயாரிப்புப் பணியில் சேர்ந்த பின், கோரஸ் குரல்களும் விசைப்பலகைகளும் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. அடுத்துக் கனமான 'டெலிவரன்ஸ்', உறுமலே இல்லாத 'டாம்னேஷன்' என்று இரண்டு ஆல்பங்களை ஒரே காலகட்டத்தில் பதிவுசெய்து, 2002இல் ஒன்றும் 2003இல் மற்றொன்றுமாக வெளியிட்டார்கள். முன்பே ஒருமுறை முழு ஆல்பத்திலும் உறுமலைக் கைவிட்டவர்கள் எட்டு ஆண்டு கழித்து மறுபடி அதைச் செய்தால் அது எப்படித் துரோகமாகும் என்று கேட்டேன். தேதிகளை வரிசையாக அடுக்கிவிட்டால் வாதம் வென்றுவிடும் என்று நம்பிய வயது அது.

அந்த 'டாம்னேஷன்' வழியாக வந்த ரசிகை ஒருவரையும் இதே காலத்தில் சந்தித்தேன். இரண்டு ஆண்டுகளாக அவர் அந்த ஒரு ஆல்பத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாராம். 'விண்டோபேன்' பாடலை மனப்பாடமாகப் பாடுவார். அதே குழுவின் வேறு ஆல்பம் என்று யாரோ 'டெலிவரன்ஸ்' கொடுத்ததும், முதல் பாடல் பாதி முடிவதற்குள், ஏதோ கோப்பு மாறிவிட்டது என்று எண்ணி நிறுத்திவிட்டாராம். "நீங்கள் எல்லோரும் உறுமல் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். எனக்கு அது எதற்காக இருந்தது என்று யாராவது சொல்லுங்களேன்" என்று அவர் கேட்டபோது, பல ஆண்டு ரசிகர்களான எங்களில் ஒருவரிடமும் உடனே சொல்ல ஒரு பதில் இல்லை. வீரியம் என்றார் ஒருவர். டெத் மெட்டலின் மரபு என்றார் இன்னொருவர். அந்தக் கேள்வி நெடுநாள் எனக்குள் கிடந்தது.

ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர், குரலைப் பற்றியே எல்லோரும் பேசுவது தவறு என்பார். 2006இல் ட்ரம்மர் மார்ட்டின் லோபஸ் விலகி மார்ட்டின் ஆக்ஸென்ரோட் வந்தது முதலே குழுவின் நடை மாறத் தொடங்கிவிட்டது, 'ஹெரிடேஜ்' வந்தபோது அதை நீங்கள் குரலின் மேல் பழியாகப் போட்டுவிட்டீர்கள் என்பது அவர் கட்சி. ஒருநாள் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆல்பத்தின் 'ஃபேமின்' பாடலை ஓடவிட்டார். தாளவாத்தியங்களை அலெக்ஸ் அக்குன்யாவும் புல்லாங்குழலைப் பியோர்ன் யேசன் லிண்டும் வாசித்த பாடல் அது. டபுள் பேஸ் மிதியும் பெருத்த எதிரொலியும் இல்லாமல், பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதைப் போல் ட்ரம்ஸ் காய்ந்து, நெருக்கமாக ஒலிப்பதை அவர் விரலால் மேசையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "இந்த ஸ்னேர் ட்ரம் ஒலியின் மேல் யார் உறுமினாலும் பொருந்தாது" என்றார். அந்த ஆல்பத்தில் உறுமல் விடைபெற்றதற்கு இசையின் மற்ற எல்லா உறுப்புகளும் ஏற்கெனவே இடம் மாறியிருந்ததுதான் காரணம் என்ற அவருடைய கருத்தை நான் இன்றுவரை ஏற்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் தாமாகவே அழைத்தார். 'ஹெரிடேஜ்' சுற்றுப்பயணக் கச்சேரி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அந்தப் பயணத்தின் தொடக்க மாதங்களில் குழு உறுமல் உள்ள பாடல் ஒன்றைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. புதிய பாடல்களோடு 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா', 'எ ஃபேர் ஜட்ஜ்மெண்ட்', 'கிரெடென்ஸ்' போன்ற பழைய மென்பாடல்களைச் சேர்த்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கூட்டத்திலிருந்து உறுமச் சொல்லிக் கூச்சல் எழுந்ததாம். பக்கத்தில் நின்ற ஒரு பையன் பாதியிலேயே வெளியேறிவிட்டானாம். என் வாதத்தை மேடையிலேயே குழு நிரூபித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பழைய பாடல்களைக் கொண்டே உறுமல் இல்லாத ஒரு முழுக் கச்சேரியை நடத்த முடிந்ததே!

ஆனால் அண்ணன் சொன்னது வேறு. "ஒவ்வொரு பாட்டும் எனக்கு உயிர். அத்தனை வரியையும் கூடவே பாடினேன். ஆனால் 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா' கேட்டு வழக்கம்போல் எனக்குக் கண் கலங்கவில்லை. ஏன் என்று வழி முழுக்க யோசித்தேன். அதற்கு முன்னால் புயல் அடிக்கவில்லை, அதனால்தான் என்று தோன்றியது." 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்தில் அந்தப் பாடலைச் சூழ்ந்து நிற்பவை கொடூரமான பாடல்கள். காது களைத்து, தோள்கள் இறுகியிருக்கும் நேரத்தில் அது வந்து நம்மை இறக்கி வைக்கும். அவர் சொன்னதை நான் அன்று முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. வயதானவரின் ஏக்கம் என்று நினைத்தேன். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

பின்வந்த ஆல்பங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. 2014இன் 'பேல் கம்யூனியன்' குரல் இசைவுகளுக்காகவே நான் போற்றும் ஆல்பம். 2016இன் 'சார்சரெஸ்' எனக்குச் சிதறலாகவே பட்டது. 2019இல் ஸ்வீடிஷ், ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளிலும் வந்த 'இன் காடா வெனெனம்' ஆல்பத்தை நான் ஸ்வீடிஷில் மட்டுமே கேட்கிறேன். சொல் புரியாவிட்டாலும் அந்தக் குரல் அதில்தான் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் வெளிவந்தபோது அண்ணனுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மரியாதையாக இரண்டு வரி பதில் எழுதினார்.

2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு செல்வந்தக் குடும்பத் தலைவர் இறந்த பின் அவருடைய உயிலை வாசிக்கும் கதை அது. கடைசிப் பாடலைத் தவிர மற்றவற்றுக்குப் பெயர்கூட இல்லை. உயிலின் பத்திகளைப் போல எண்கள் மட்டும்தாம். இதற்காக அண்ணன் வீட்டுக்கே போனேன். முதல் பாடலில், 'வாட்டர்ஷெட்' வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உறுமல் எழுந்தபோது நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு, முழங்கால் மேல் வைத்திருந்த இடக்கை விரல்களால், கிட்டார் இல்லாமலே கார்டு பிடித்துக்கொண்டிருந்தார். உறுமல் அடங்கித் தெளிந்த குரல் மிதந்து வந்த இடத்தில் என் தொண்டை அடைத்தது. இத்தனை ஆண்டும் எனக்குப் பிடித்த அதே தெளிந்த குரல்தான். ஆனால் அப்படி அது என்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். 'டாம்னேஷன்' ரசிகை கேட்ட கேள்விக்கான பதிலும், அண்ணன் சொன்ன புயலும் அந்த ஒரு திருப்பத்தில் எனக்குப் பிடிபட்டன. நான் உறுமலை இழந்ததாக ஒருபோதும் நினைத்ததில்லை. அதிலிருந்து வெளியே வரும் அந்த இறக்கத்தைத்தான் பதினாறு ஆண்டும் இழந்திருந்தேன்.

இருந்தாலும் இதைப் பழைய ஓபெத் திரும்பிவிட்டது என்று கொண்டாடுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பழைய ஆல்பங்களில் உறுமலுக்கு நீண்ட பகுதி, அமைதிக்கு நீண்ட பகுதி என்று இருக்கும். இங்கே அவை ஒரே பாடலுக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. உறுமல் இங்கே கதையில் ஒரு பாத்திரத்தின் குரலாக வேலை செய்கிறது. நடுநடுவே ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் பேசும் குரலிலும் புல்லாங்குழலிலும் வந்துபோகிறார். இடைப்பட்ட நான்கு ஆல்பங்களில் பழகிய தந்தி இசையும் ஆர்கனும் கோணலான தாளங்களும் இல்லாமல் இந்த ஆல்பத்தை எழுதியிருக்கவே முடியாது. 'ஹெரிடேஜ்' வந்த வழியில்தான் இந்த உறுமலும் வந்து சேர்ந்திருக்கிறது என்று அன்று இரவே அண்ணனிடம் சொன்னேன்.

அவர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பதினாறு ஆண்டும் இல்லாமலே இதே இடத்துக்கு வந்திருப்பார்கள் என்கிறார். சென்ற வாரமும் இதைப் பற்றியே ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினோம்.