இரண்டு சிம் பட்டன் போனில் ஜியோ மட்டும் எடுக்கவில்லை, எதைப் பார்த்து மாற்றுவது?

கோவில்பட்டிக்காரன்:
அப்பாவுக்கு 72 வயது. காட்டு வேலையில் காய்த்துப்போன விரல், டச் போன் சரிப்படவில்லை. அதனால் போன வாரம் 1,400 ரூபாய்க்கு இரண்டு சிம் போடுகிற பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். பேங்க் கணக்கு பழைய பிஎஸ்என்எல் நம்பரில் இருக்கிறது, தோட்டத்தில் டவர் கிடைப்பதோ ஜியோவுக்குத்தான், ஆக இரண்டுமே வேண்டும். பிஎஸ்என்எல் எடுக்கிறது, ஜியோவுக்கு டவரே காட்டவில்லை. கடையில் சிம் கோளாறு என்கிறார்கள், அதே சிம் என் போனில் நன்றாக ஓடுகிறது. பெட்டியில் 1.77 இன்ச் திரை, 800 எம்ஏஎச் பேட்டரி, எஃப்எம், டார்ச், ஜிஎஸ்எம் 900/1800 என்று போட்டிருக்கிறது. போன்தான் பழுதா?

செல்லையா சர்வீஸ்:
பழுது இல்லை தம்பி. வெறும் ஜிஎஸ்எம் 900/1800 என்று மட்டும் போட்டிருந்தால் அது 2ஜி போன். ஜியோ 2016இல் வந்ததே 4ஜியோடுதான், அவர்களிடம் 2ஜி கிடையாது, பேச்சும் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே பேசுகிற முறை) வழியாகத்தான் போகும். அந்த போனில் எத்தனை முறை சிம்மைக் கழற்றி மாட்டினாலும் எடுக்காது. மாற்றும்போது பெட்டியில் 4ஜி, வோல்ட்டி இரண்டும் இருக்கிறதா பாருங்கள், இரண்டாவது சிம்முக்கும் 4ஜி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் மாறிப்போகும். நோக்கியா 105 என்று 2019இல் வந்தது 2ஜி, 800 எம்ஏஎச். 2021இல் வந்த 105 4ஜி வேறு, அதில் 1020 எம்ஏஎச். அப்புறம், ஜியோவே விற்கிற ஜியோபாரத் பட்டன் போன் விலை குறைவுதான், ஆனால் அதில் ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும், உங்களுக்கு ஆகாது.

கோவில்பட்டிக்காரன்:
நன்றி அண்ணே, இப்போதுதான் புரிந்தது. இரண்டு நம்பரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும்தானே?

மலர்_நெல்லை:
சும்மா இருக்கும்போது இரண்டும் இருக்கும், எதில் கூப்பிட்டாலும் மணி அடிக்கும். ஆனால் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வரும். இந்த விலை போன்களில் இரண்டு சிம்முக்கும் சேர்த்து ஒரே ரேடியோதான், அது ஒரு பேச்சில் மாட்டிக்கொண்டால் மற்ற சிம்மைக் கவனிக்க ஆள் இல்லை. எங்கள் அம்மா போனில் இது தெரியாமல் நான் ஒருநாள் முழுக்கப் பயந்து போனேன், அவர் சித்தியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். இன்னொன்று, பச்சை பட்டனை அமுக்கினால் எந்த சிம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும், வயதானவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். செட்டிங்கில் போய் ஜியோவை நிலையாக வைத்துவிட்டு, 2ஆம் எண்ணை நீளமாக அமுக்கினால் உங்களுக்கு வருகிற மாதிரி ஸ்பீட் டயல் போட்டுக் கொடுங்கள்.

சாத்தூர் ராசு:
மெசேஜை யாருமே சொல்லவில்லை. அதுதான் முக்கியம், பேங்க் நம்பர் அதில் இருக்கிறதென்றால். பட்டன் போனில் சில நூறு மெசேஜ்தான் நிற்கும், விளம்பரம் வந்து வந்து நிறைந்துவிட்டால் ஓடிபி உள்ளே வராது. என் மாமாவுக்குக் கேஸ் புக்கிங் ஓடிபி வரவில்லை என்று இரண்டு நாள் அலைந்தோம், கடைசியில் பார்த்தால் இன்பாக்ஸ் நிறைந்து கிடந்தது. மாதம் ஒருமுறை அழித்துக் கொடுங்கள். கடையிலேயே அந்த போனுக்குத் தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள், சில போன்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும். நானோ சிம் (இருப்பதிலேயே சின்ன சிம்) என்றால் அடாப்டர் என்கிற சட்டத்தில் வைத்துப் போட வேண்டியிருக்கும், வெறும் அடாப்டரை மட்டும் உள்ளே தள்ளிவிடாதீர்கள், இழுக்கும்போது சிம் போடுகிற இடத்தில் உள்ள சின்னக் கம்பி வளைந்துவிடும்.

கோவில்பட்டிக்காரன்:
நாளைக்கே இரண்டு சிம்மையும் எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன், அங்கேயே போட்டுப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.