பின்லாந்து: இத்தனை ஏரிகள் எப்படி வந்தன, நிலம் இன்னும் உயர்கிறதா?

தாம்பரத்தான்:
வேலைக்காக வாசா நகருக்கு வருகிறேன். வரைபடத்தில் பார்த்தால் நாடு முழுக்க ஏரிகள், அதிலும் பல வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கின்றன. பனி யுகம்தான் காரணமா? நிலம் இன்னும் உயர்கிறது என்கிறார்களே, பனி உருகி இவ்வளவு காலம் ஆன பிறகுமா?

வாசாவாசி:
வாங்க, இதைப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. பனி யுகத்தின் உச்சத்தில் பின்லாந்து முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில் கிடந்தது. அது நகர்ந்தபோது அடிப்பாறையில் விரிசல் விட்டிருந்த இடங்களையெல்லாம் சுரண்டிப் பள்ளமாக்கியது. பனி போன திசையில்தான் ஏரிகள் நீண்டிருக்கின்றன. உருகும்போது விட்டுப்போன மணலும் கல்லும் பல பள்ளங்களுக்குக் கரை கட்டின. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினால் 1,87,888 ஏரிகள்!

நிலம் உயர்வதும் உண்மைதான். பனியின் பாரத்தில் பூமியின் மேலோடு நூற்றுக்கணக்கான மீட்டர் அமுங்கியது. மேலோட்டுக்கு அடியில், மிக மெதுவாக நகரக்கூடிய மேன்டில் என்ற பாறை அடுக்கு பக்கவாட்டில் விலகியது. பனி உருகிப் பாரம் நீங்கிய பிறகு அந்தப் பாறை திரும்பி வருவது அவ்வளவு மெதுவாக நடப்பதால், நிலம் உயர்வது இன்னும் முடியவில்லை. வாசா பக்கம் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர்.

கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இந்த ஊரே அதனால் இடம் மாறியது. 1852இல் பழைய வாசா எரிந்துபோனது. அதற்குள் அதன் துறைமுகத்தில் கப்பல் வர ஆழம் போதவில்லை. அதனால் சுமார் 7 கி.மீ. தள்ளி, கடலோரமாகப் புது நகரம் கட்டினார்கள். பழைய ஊரில் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன, அவசியம் போய்ப் பாருங்கள். அப்புறம் ரெப்லோட் பாலம் தாண்டி ஸ்வெட்யேஹாம்ன் என்ற சிறு துறைமுகத்துக்குப் போய், அங்குள்ள கோபுரத்தில் ஏறுங்கள். பனியின் விளிம்பு பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கல்வரப்புகள் கடலுக்குள் வரிசை வரிசையாகத் தெரியும். இந்தக் குவார்கன் தீவுக்கூட்டம் 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

லாஹ்தி_மணல்:
தெற்கு பின்லாந்தில் எங்கள் லாஹ்தி நகரப் பக்கமும் வாருங்கள். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் திடீரெனக் குளிர் திரும்பியபோது, பின்வாங்கிக்கொண்டிருந்த பனி இங்கே தயங்கி நின்று குவித்த மேடுதான் சல்பாவுசெல்கா. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் அந்த மணலில் வடிகட்டி வரும் நிலத்தடி நீர். அதைக் குடித்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

தாம்பரத்தான்:
இருவருக்கும் நன்றி. கடலிலிருந்து எழும் புது நிலம் யாருக்குச் சொந்தம்?

வாசாவாசி:
பெரும்பாலும் முன்பு அந்த நீர்ப்பரப்பு யாருடையதோ அவர்களுக்கே. பல இடங்களில் அது ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து. கரையில் வீடு வைத்திருப்பவர், தன் வீட்டுக்கு முன்னால் எழுந்த துண்டைப் பணம் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. கடலோரமாக வீடு வாங்க நினைத்தால், வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது யார் நிலம் என்று முதலில் கேளுங்கள்.